அண்ணனுக்கு, படகை ஒப்படைக்கும் முன்

அண்ணே,

படகில் என் பாதியை உங்கள் பேருக்கே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். தொகையைப் பற்றி இங்கே பேச்சில்லை. சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள். ‘நங்கூரம் போட்டாச்சு, இன்னைக்கு ரெஸ்ட்’ என்பீர்களே, அந்த ரெஸ்ட் எப்படி நடந்தது என்பது இனி உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மலேசியாவின் லங்காவியில், தயாங் புந்திங் தீவின் தெற்கே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கிடந்த அந்த பிப்ரவரி நாள். வற்றத்தில் ஆழம் 7 மீட்டர். ஐந்து மடங்கு என்று 35 மீட்டர் சங்கிலி விட்டீர்கள். பௌர்ணமியை ஒட்டி அங்கே ஏற்றம் 3 மீட்டருக்குக் கிட்ட வரும். படகின் முன்முனை நீருக்கு மேல் 1 மீட்டர். எல்லாம் சேர்த்து 11, அதற்குத்தான் ஐந்து மடங்கு, அதாவது 55. சங்கிலியை ஏற்றி இறக்கும் விண்ட்லஸ் இயந்திரத்தின் பட்டன் உங்கள் சொத்து என்பதால், நீங்கள் தூங்கிய பிறகு கிளட்சைத் தளர்த்தி மீதி 20 மீட்டரைக் கையால் விட்டேன். குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையும்தான். ஆனால் நங்கூரம் பிடித்ததா என்று அறிய ரிவர்ஸில் இழுத்து, பாறை முனையும் அதன் பின்னால் இருக்கும் மரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதை நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. அதைச் சொல்லாமல் போனால் பாவம்.

அன்று மத்தியானம் நீரோட்டம் திரும்பியது. காற்று ஒருபக்கம், ஓட்டம் ஒருபக்கம்; படகு குறுக்கே நின்றது. பாறை உச்சியிலிருந்து காற்று குபீர் குபீரென்று இறங்க, அடியிலிருந்து உறுமல். நான் பதறினேன். நீங்கள் அவசரப்படாமல் முன்னால் வந்து குந்தி, என் உள்ளங்கையை ஸ்நப்பர் மேல், அதாவது சங்கிலியின் உலுக்கலைத் தாங்கும் கயிற்றின் மேல், வைத்து அழுத்தினீர்கள். “உறுமல் மட்டும்னா சங்கிலி தரையில திரும்புது. கயிறு இறுகி, தளர்ந்து, உதறுச்சுன்னா நங்கூரம் இழுபடுது. இப்ப என்ன தெரியுது?” உதறல் இல்லை. சேற்றில் நன்றாகப் பிடித்திருந்தது. அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை, அண்ணே.

அடுத்த நிமிடமே “நீ பாத்துக்கோ” என்று ஊஞ்சலுக்குத் திரும்பிவிட்டீர்கள். எப்போதும் அந்த இரண்டு வார்த்தைதான்!

பார்த்துக்கொண்டது என்னவென்றால்: எஞ்சினுக்குக் கடல்நீர் வரும் வடிகட்டியில் ஜெல்லி மீனும் பிளாஸ்டிக்கும் சேரும். கடல்நீர் உள்ளே வரும் வால்வான சீகாக்கை மூடி, வடிகட்டியைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மூட வேண்டும். சீகாக்கைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டினால் தண்ணீரில்லாமல் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சில நிமிடங்களில் கிழிந்துவிடும். அதனால்தான் எஞ்சின் சாவி சீகாக் கைப்பிடியில் தொங்கியது. ‘சாவியை எங்கடா வச்ச’ என்று நீங்கள் கத்திய நாட்களுக்கெல்லாம் விளக்கம் இதுதான்.

பாய்க்கட்டையின் நிழல் ஒரு கீற்று சோலார் பலகையில் விழுந்தாலும் மின்சாரம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். படகு திரும்பும்போதெல்லாம் கட்டையை மறுபக்கம் இழுத்துக் கட்டியது யார் என்று நினைத்தீர்கள்? பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி. ஈய பேட்டரியை அதற்குக் கீழே விட்டால் ஆயுசு குறையும். ஐஸ் வேண்டுமா, பேட்டரி வேண்டுமா என்று இனி நீங்களே முடிவு பண்ணுங்கள்.

நங்கூரத்தில் நிற்கும்போது பகலில் முன்பக்கம் கறுப்புப் பந்து, இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு. மீன்பிடிப் படகுகள் அந்த வழியாகத்தான் போகும். கரைக்குப் போகும் சின்னப் படகான டிங்கியை இரவில் தண்ணீரில் விடாதீர்கள், தூக்கிக் கட்டுங்கள்.

பாதியில் விட்டுப் போகிறேன் என்று அண்ணி நினைக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் நான் ரெஸ்ட் எடுத்ததில்லை என்பதையும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஸ்நப்பர் வெயிலில் முறுக்கேறிப் போய்விட்டது. 14 மில்லி, மூன்று புரி நைலான், 10 மீட்டர் வாங்குங்கள். முன்முனை ரோலரில் உரசும் இடத்தில் ஹோஸ் பைப் துண்டு போடுங்கள். கையெழுத்துப் போட நான் லங்காவியின் குவா நகருக்கு வருகிறேன். படகுக்கு வரமாட்டேன்.

தம்பி