வகுப்பறை டிவிக்குக் கேபிள் வாங்க ஆள் அனுப்பும் முன்

நீலகிரி மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுவரில் டிவி மாட்டியாயிற்று, ஆசிரியர் கையில் லேப்டாப்பும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிற கேபிளை மட்டும், ஊட்டிக்கோ குன்னூருக்கோ வேறு வேலையாகப் போகிறவரிடம் சொல்லிவிடுகிறோம். தப்பான கேபிள் வந்துவிட்டால், பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ மாற்றப் போவதற்கு ஒரு பகல் போய்விடும். கேபிள் பீரோவுக்குள் போகும், டிவி சும்மா தொங்கும். நாங்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: ஆள் அனுப்பும் முன் லேப்டாப்பின் இரண்டு பக்கவாட்டையும் டிவியின் பின்புறத்தையும் போட்டோ எடுங்கள். மேசையிலிருந்து சுவரோரமாக டிவி வரை ஒரு நூல் பிடித்து அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாகச் சேருங்கள். போட்டோவையும் அளவையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

லேப்டாப்பில் சுமார் 14 மில்லிமீட்டர் அகலத்தில், கீழ் மூலைகள் இரண்டும் சரிந்த துளை இருந்தால் அது எச்டிஎம்ஐ. டிவியிலும் அதே துளைதான். இரு முனையும் ஒன்றாக உள்ள சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும். படமும் ஒலியும் அதிலேயே வரும்.

எச்டிஎம்ஐ இல்லாத மெல்லிய லேப்டாப்பில் நீள்வட்டமான யுஎஸ்பி சி துளை இருக்கும். அந்தத் துளை இருப்பதாலேயே படம் வந்துவிடாது. பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறியோ (தண்டர்போல்ட்), படம் அனுப்பும் இன்னொரு முறையான டிஸ்ப்ளேபோர்ட்டைக் காட்டும் டி, பி எழுத்துகள் சேர்ந்த குறியோ இருந்தால் படம் தரும். குறியே இல்லாவிட்டால் அடிப்பக்கத்து மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் பாருங்கள். பிறகுதான் யுஎஸ்பி சி முதல் எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். போன் சார்ஜர் கேபிளை வைத்துச் சோதிக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் படத்துக்கான கம்பிகளே கிடையாது.

அதிகம் பேர் ஏமாறுவது பழைய லேப்டாப்பின் விஜிஏ துளையில்தான். மூன்று வரிசையில் 15 ஓட்டை, பெரும்பாலும் நீல நிறம். விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். ஒரு முனையில் விஜிஏ, மறு முனையில் எச்டிஎம்ஐ, நடுவில் வெறும் ஒயர் என்று விற்பதை வாங்கினால் படம் வராது. உள்ளே மாற்றுச் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு மின்சாரம் தர ஒரு யுஎஸ்பி ஒயரும், ஒலிக்கு ஹெட்போன் துளையில் செருக 3.5 மில்லிமீட்டர் ஒயரும் இருக்கும். திசையையும் சொல்லிக் கேளுங்கள்: 'விஜிஏ லேப்டாப், எச்டிஎம்ஐ டிவி'. கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற எச்டிஎம்ஐ முதல் விஜிஏ கன்வெர்ட்டர் இதற்கு நேர் எதிர்த் திசை. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

இனி நீளமும் வேகமும். ஃபுல் எச்டி படத்துக்குக் கேபிளில் நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் தரவு போனால் போதும். அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே படம் நொடிக்கு 60 பிரேம் ஓடச் சுமார் 18 கிகாபிட் தேவை. பாடக் காணொளிக்கு முன்னது தாராளம். ஆகவே 'ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட 3 அல்லது 5 மீட்டர் கேபிள் எடுங்கள். 4கே கட்டாயம் வேண்டும் என்றால் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். '8கே' என்ற பெயருக்காக மூன்று மடங்கு விலை தருவது வீண். அந்தப் பணத்தில் உதிரியாக இன்னொரு கேபிள் வாங்கி வைக்கலாம். டிஜிட்டலில் விலை கூடினால் நிறம் கூடாது. சிக்னல் சரியாக வந்தால் முழுப் படம் வரும். தடுமாறினால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது திரை அவ்வப்போது கறுத்து மீளும். புள்ளி மின்னினால் கேபிள் நீளம் அதிகம், அல்லது எங்கோ மடங்கி நசுங்கியிருக்கிறது.

தங்க முலாம் படத்தைப் பளிச்சாக்காது. ஆனால் மலைக்கு அது உதவும். ஆனி, ஆடியில் கூடலூர், தேவாலா பக்கத்து வகுப்பறைகளில் சுவரே வியர்க்கிறது. முலாம் சரியில்லாத முனையில் பச்சைக் களிம்பு ஏறும், முனைக்குள் உள்ள 19 உலோகப் பின்களில் ஒன்று தொடர்பு விட்டாலும் படம் நிற்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற முலாமும் போய்விடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். மழை மாதங்களில் கேபிளை ஜிப் கவரில், ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

கேபிளைவிட முதலில் சாவது லேப்டாப்பின் துளைதான். எச்டிஎம்ஐ முனைக்குப் பிடிப்புத் திருகு கிடையாது. தடித்த 5 மீட்டர் கேபிள் மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் எடை முழுவதும் உள்ளே உள்ள ஈயப் பற்றில் விழும். யாராவது கால் தட்டினால் பற்று விட்டுவிடும். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிளை மேசைக் காலோடு வெல்க்ரோவால் கட்டுங்கள். சுருட்டும்போது சாப்பாட்டுத் தட்டு அளவு வளையத்துக்குக் குறையக் கூடாது.

கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் வானம் கறுக்கத் தொடங்கியதுமே டிவியின் பிளக்கைப் பிடுங்குங்கள். டிஷ் ஒயரையும் எச்டிஎம்ஐயையும் சேர்த்துக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஷ் ஒயர் வழியாக வருகிற மின்வீச்சு செட்டாப் பெட்டிக்குள் புகுந்து டிவியின் எச்டிஎம்ஐ சிப்பைக் கருக்கிவிடும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம்.

'நோ சிக்னல்' என்று வந்தால் முதலில் ரிமோட்டில் சோர்ஸ் அழுத்தி, கேபிள் செருகிய அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் எச்டிஎம்ஐ 1, 2 என்று துளைக்கருகே இருக்கும். அடுத்து லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' எடுங்கள். அப்புறம் டிவியின் வேறு துளை. கடைசியில்தான் வேறு கேபிள். படம் வந்து ஒலி லேப்டாப்பிலேயே கேட்டால், திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். திரை ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவை 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள்.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டச் சொல்லுங்கள். இருப்புப் பதிவேட்டில் 'கேபிள் 1' என்று எழுதாமல் வகை, நீளம், எந்த லேப்டாப்புக்கு என்று எழுதுங்கள். மாறுதலில் புதிதாக வரும் ஆசிரியர் அதைப் பார்த்தே அடுத்த கேபிளைச் சரியாகக் கேட்டு வாங்கிவிடுவார்.

அன்புடன்,
நீலகிரியில் டிவி, கணினி பழுது பார்ப்பவர்கள்