பெட்டியில் 3 ஓம், உள்ளே 1.5 ஓம்: இக்னிஷன் காயில் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான லேபிளுடன் வந்த காயில், மறுக்கப்பட்ட உத்தரவாதம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் பழைய காருக்காக உங்களிடம் ஓர் இக்னிஷன் செட் வாங்கினேன். பேட்டரி வோல்டேஜைப் பொறிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றும் காயில், காயிலின் கரண்டை மூடித் திறக்கும் பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர், பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் சேர்ந்த செட். காயில் பெட்டியில் "12 வோல்ட், 3 ஓம், பலாஸ்ட் ரெசிஸ்டர் தேவையில்லை" என்று அச்சிட்டிருக்கிறது. பலாஸ்ட் என்பது காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தனி ரெசிஸ்டர்; என் வண்டியில் அது கிடையாது. சாவியைத் திருப்பினால் பேட்டரி வோல்டேஜ் முழுசாகக் காயிலுக்குப் போகும். அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். பெட்டிக்குள் இருந்தது வேறு காயில். மாற்றித் தரச் சொன்னதற்கு, "பொருத்தியதில் தவறு, பேட்டரியைப் பாருங்கள்" என்று பதில் எழுதி முடித்துவிட்டீர்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிவிடும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடு ஏறியதும் திக்க ஆரம்பிக்கும், மேட்டில் இழுவை போய்விடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். செல்ஃப் வேகமாகவே சுற்றும், இன்ஜின்தான் பிடிக்காது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

சூட்டில் நிற்கும் வண்டி என்றால் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் கழற்றிய பிளக்குகள் எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. சிந்திய பெட்ரோல் காய்ந்து, பிளக்குகளைத் திரும்ப மாட்டிய பிறகு, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நீலமாகச் 'சட்'டென்று பாய வேண்டிய பொறி, மஞ்சளாக நூல் மாதிரி விட்டுவிட்டு வந்தது. காயில் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் தலைப்பக்கம் எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து கருப்பாகப் படிந்திருந்தது.

காயில் ஆறிய பிறகு ஒயர்களைக் கழற்றி, பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன். மீட்டர் கம்பிகளின் அளவைக் கழித்தது போக 1.5 ஓம். இது பலாஸ்ட் ரெசிஸ்டரோடு மட்டுமே ஓட வேண்டிய காயில். இன்ஜின் ஓடும்போது லைனில் சுமார் 14 வோல்ட் இருக்கும். 3 ஓம் காயில் என்றால் பாயிண்ட் மூடியிருக்கையில் 5 ஆம்பியருக்குள் கரண்ட் போகும். 1.5 ஓம் காயில் அந்த நேரத்தில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும். காயிலில் சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகும், பாயிண்டும் அந்தச் சுமையைத் தாங்காது. புதுப் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு முகத்தில் பள்ளம், எதிர் முகத்தில் அதே அளவுக்கு மேடு, சுற்றிலும் நீலமேறிய கருகல்.

பாயிண்ட் கருகினால் கண்டென்சரையும் சந்தேகப்பட வேண்டும், சரி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரை மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. கழற்றி வைத்திருந்த பழைய காயிலை அளந்தால் 3.1 ஓம். அதையும் வேறொரு பாயிண்டையும் போட்ட நாளிலிருந்து வண்டி எந்த வெயிலிலும் நிற்கவில்லை. ரோட்டரும் மூடியும் இன்றும் உங்களுடையவைதான். அவற்றில் எனக்குக் குறையில்லை.

உங்கள் பதிலில் சொன்ன பேட்டரிக்கு வருகிறேன். ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. அதே நேரம் பேட்டரி மைனஸுக்கும் பிளாக்குக்கும் இடையே பார்த்தால் 0.2 வோல்ட், எர்த்தும் சுத்தம். பாயிண்ட் இடைவெளி ஃபீலர் கேஜ் வைத்து 0.40 மி.மீ. பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் இழுக்கத் திணறியிருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் ஆட்கள் கேட்கவில்லை. "பழைய வண்டி என்றால் இப்படித்தான்" என்று ஒரு வரி எழுதினார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். பாயிண்ட் இக்னிஷனில் மர்மம் எதுவும் இல்லை. அளந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பழைய வண்டிக்காரர்களை நம்பிக் கடை நடத்துகிறவர்கள் ஒரு மீட்டர் எடுத்து அளந்திருக்கலாம்.

செட்டின் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியம், இதே தொகுதி எண்ணில் கிடங்கில் இருக்கும் காயில்களை அளந்து பாருங்கள். விற்றுப்போனவற்றை வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்கு ரயில்வே கேட் நடுவிலோ, இரவில் ஆளில்லாத சாலையிலோ வண்டி நிற்கலாம். பெட்டி மாறினாலும் காயில் மாறாமலிருக்க, ஓம் அளவைக் காயிலின் உடம்பிலேயே பொறித்து விற்க வேண்டும்.

தொகுதி எண் தெரியும் பெட்டி, மீட்டர் அளவு, கருகிய பாயிண்ட் ஆகியவற்றின் படங்களையும் ரசீது நகலையும் இணைத்துள்ளேன். காயில் என்னிடமே இருக்கிறது, உங்கள் தொழில்நுட்ப ஆள் வந்து என் முன்னால் அளக்கலாம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்