வாடகையை யார் கட்டுகிறார்கள், அம்மணி?

அன்புள்ள அம்மணிக்கு,

நீ எழுதும் தொடரில் இதுவரை வந்ததை எல்லாம் படித்துவிட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனி, முதலாளி மகன், அங்கேயே செக்கிங் வேலை பார்க்கும் செல்வி. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் இடங்களில் உயிர் இருக்கிறது, அதனால்தான் போனில் ஏதோ இரண்டு வரி சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. காதல் வந்த அத்தியாயத்தோடு உன் கதையில் பணம் காணாமல் போய்விடுகிறது.

ஈரோட்டில் லெண்டிங் லைப்ரரி நடத்திய காலத்தில் இந்த மாதிரிக் கதைகள்தான் நமக்குச் சோறு போட்டன. ஒரு அலமாரி முழுக்க மாத நாவல், இன்னொன்றில் காலேஜ் பெண்கள் கேட்கும் மில்ஸ் அண்ட் பூன் இங்கிலீஷ் காதல் நாவல்கள். அங்கே கிரேக்கக் கப்பல் முதலாளியும் செக்ரட்டரியும், இங்கே எஸ்டேட் முதலாளியும் அனாதைப் பெண்ணும். அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. மில் ஷிப்ட் முடிந்து வந்து எடுத்துப்போன பெண்களுக்கு, தன் பேச்சை ஒருவன் நின்று கேட்கிறான் என்பதுதான் பெரிதாக இருந்தது, பங்களா கூடவே வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதைகளில் ஏழைப் பெண்ணுக்கு அம்மா இருக்கமாட்டாள், இருந்தால் நோயாளி. கடன் இருக்கும், வட்டி எவ்வளவு என்று இருக்காது. கடைசியில் அவன் ஒரு செக் எழுதினால் எல்லாம் தீர்ந்துவிடும்.

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' (2018) நாவலை மெதுவாகப் படித்து முடித்தேன். அயர்லாந்தில் ஸ்லைகோ பக்கம் ஒரு சின்ன ஊர். மரியான் பணக்கார வீட்டுப் பெண். அந்த வீட்டைச் சுத்தம் செய்யப் போகிறவள் மரியானோடு படிக்கும் கானலின் அம்மா லொரைன், அவளைக் கூட்டிவரப் போகும்போதுதான் இவன் மரியானோடு பேசவே தொடங்குகிறான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனுக்குத்தான் மதிப்பு, மரியானை எல்லோரும் ஒதுக்குகிறார்கள், அதனால் காதலை மறைக்கிறவன் ஏழை வீட்டுப் பையன். பள்ளி முடியும்போது நடக்கும் விருந்துக்கு அவன் வேறொருத்தியைக் கூப்பிட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் லொரைன் பெற்ற மகன் என்றும் பார்க்காமல் திட்டிவிட்டுக் காரிலிருந்து இறங்கி பஸ்ஸில் போகிறாள். அந்த ரோஷத்துக்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் இரண்டு பேரும் டப்ளினில் டிரினிட்டி கல்லூரிக்குப் போகிறார்கள். ஒரு கோடையில் கானலுக்கு ஓட்டல் வேலை குறைந்துபோய் அறை வாடகை கட்ட வழியில்லை. மரியானுக்கு அங்கே ஃப்ளாட் இருக்கிறது, பாதி நாள் அவன் தூங்குவதே அங்கேதான், கொஞ்ச நாள் உன்னோடு இருக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறான், தன்னை விட்டுத்தான் போகிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள், பிரிந்துவிடுகிறார்கள். வில்லன் இல்லை, குடும்பச் சதி இல்லை, சில மாத வாடகை! பிறகு ஸ்காலர்ஷிப் தேர்வில் இருவருமே தேறும்போது அவளுக்கு அது பெருமை, அவனுக்கோ தங்க இடம், சாப்பாடு, கல்லூரிக் கட்டணம் எல்லாமே அதுதான்.

நம் ஊரில் இதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது, உனக்கே தெரியும். செல்வி ஏழை என்று எழுதிவிட்டு எந்தத் தெரு என்று சொல்லாமல் நிறுத்தியிருக்கிறாய். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தலித் பையன் சங்கரை வெட்டிக் கொன்றார்களே, அதுவும் உன் கதை நடக்கிற அதே திருப்பூர் மாவட்டம்தான். எழுதியே தீர வேண்டும் என்று நான் நிர்ப்பந்திக்கவில்லை, தொடரில் சாதியைத் தொட்டால் எப்படிப்பட்ட வசவு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதலாளி அப்பா எதிர்ப்பதற்கு அந்தஸ்து மட்டுமே காரணம் என்றால் நம் பக்கத்து வாசகர் ஒருத்தரும் நம்பமாட்டார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற காட்சி ஒன்று வை. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்த பெண், வாடகை, சீட்டுப் பணம், தம்பி ஃபீஸ் போக மிச்சம் எவ்வளவு என்று கையை விரிக்காமலே கணக்குப் போடுவாள். அவன் ஓட்டலுக்குக் கூட்டிப்போகும்போது அவள் கண் முதலில் விலையைத்தான் பார்க்கும். அவன் பில் கட்டும்போது அவளுக்குச் சந்தோஷமா கூச்சமா என்பதை நீயே முடிவு செய், ஆனால் எழுது. செல்வியின் அம்மாவை வீட்டில் உட்காரவைத்து அழவிடாதே, அவளுக்கும் ஒரு வேலை கொடு, மகளிடம் கோபப்பட உரிமை கொடு.

அடுத்த அத்தியாயத்தில் அவன் செல்விக்கு விலையான போன் வாங்கித் தரப்போகிறான் என்று சொன்னாயே, அதைப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு. வீட்டில் அந்த போனை அவள் எங்கே வைக்கிறாள், யார் வாங்கிக் கொடுத்தது என்று அம்மா கேட்டால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா