வசந்திக்கு, லைடனிலிருந்து

அன்புள்ள வசந்தி,

பதில் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஆராய்ச்சி மாணவி ஆனதிலிருந்து எனக்கு மாமியாராகிவிட்டாள். அதை நேரில் அழுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆய்வுக்கூடத்தில் திரவ ஹீலியத்தைக் கண்ணால் பார்த்தேன்டி! கண்ணாடிக் குடுவைக்குள் 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், கொதித்துக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் ஆவியைப் பம்பு உறிஞ்ச உறிஞ்ச, குளிர்ந்துகொண்டே இன்னும் மூர்க்கமாகக் கொதிக்கிறது. 2.17 கெல்வின் வந்ததும் சட்டென்று அடங்கிவிட்டது. ஒரு குமிழி இல்லை. பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரவமும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. வெப்பம் அதற்குள் அவ்வளவு வேகமாகப் பரவுவதால் எந்த இடமும் தனியாகச் சூடேறிக் குமிழி விட வழியில்லையாம். மேற்பரப்பில் ஆவியாவதோடு சரி.

அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தை அதில் முக்கித் தூக்கினாள். உள்ளே இருந்த திரவம் கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சுவரேறி, வெளிப்பக்கம் இறங்கி, அடியில் துளி கட்டிச் சொட்டியது. கிண்ணம் காலியாகும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. 1911 ஏப்ரல் 8 அன்று இதே ஊரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸின் குழு பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதைக் கண்டது. அதே நாள், அதே குறிப்பேட்டில், இன்னும் குளிரவைத்தபோது ஹீலியத்தின் கொதிப்பு திடீரென நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள்! எல்லார் கண்ணும் பாதரசத்தின் மேல். மிக நுண்ணிய இடைவெளியிலும் அந்தத் திரவம் தடையில்லாமல் ஓடுகிறது என்று மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மிசெனரும் சொல்ல 1938 ஆகிவிட்டது. கபிட்சாவுக்கு 1978இல் நோபல். மற்ற இருவருக்கும் பட்டை நாமம்.

நுண்ணிய இடைவெளி என்றதும், நுண்குழாயில் திரவத்தை ஓடவிட்டு அதன் பிசுபிசுப்பை அளந்த நம் பாகுநிலைச் சோதனைதான் ஞாபகம் வந்தது. ரீடிங் எடுக்காமலே கிராஃப் போட்ட மகராசி நீ. பாகுநிலை சுழியம் என்று உனக்கு வந்திருந்தால் ரப்பரால் அழித்துவிட்டு 'சரியான' விடையை எழுதியிருப்பாய்.

சிரிக்காதே. போன கடிதத்தில் "மாடிப்படியில் லேசாக மயக்கம் வந்தது" என்று ஒரே வரி போட்டுவிட்டு மருமகள் புராணத்துக்குப் போய்விட்டாய். அதற்கு முன்பும் வந்ததா? டாக்டரிடம் காட்டினாயா? இந்த வாரமே போ, பாலுவைக் கூட்டிக்கொண்டு போ. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு, எந்த எண்ணையும் திருத்தாமல்.

உன்
கலா