தின்னர் விட்ட சொல்யூஷன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், கெட்டியாகிப்போன பிவிசி பைப் ஒட்டும் சொல்யூஷனில் கொஞ்சம் பெயின்ட் தின்னர் விட்டுக் கலக்கினால் புதுசு போல ஆகிவிடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மன்னார்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். செய்து பட்டவன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மாடித் தொட்டிக்கு ஏறும் லைனில் ஒரு எல்போ (பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவுத் துண்டு) மாற்ற வேண்டியிருந்தது. கடை நிறையப் புது டப்பா இருக்க, பரணில் கிடந்த பழைய கால் லிட்டர் டப்பாவை எடுத்தேன் (வியாபாரி புத்தி, வேறென்ன). உள்ளே நுங்கு மாதிரி இருந்தது. தின்னர் விட்டுக் குச்சியால் குழப்பி ஒட்டினேன். நன்றாகத்தான் பிடித்தது. மறுநாள் விடியற்காலையில் மோட்டார் போட்டதும் எல்போ கழன்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் கடையில் தொங்கும் புது எல்போவைப் போலப் பளபளவென்று இருக்கிறது. பைப் முனையில் பூசியதோ, பாலாடை மாதிரி நகத்துக்கே உரிந்து வந்தது.

சொல்யூஷனை எல்லாரும் பசை என்று நினைக்கிறார்கள். அது பசை இல்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான், சைக்ளோஹெக்ஸனோன் போன்ற திரவங்களில் பிவிசியையே கரைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் திரவம் பைப்பின் மேல்தோலையும் எல்போவின் உள்தோலையும் இளக்க, இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இறுகும். டப்பாவைத் திறந்து திறந்து வைத்தால் முதலில் ஆவியாகிப் போவது அந்தத் திரவம்தான். அது போன இடத்தை பெயின்ட் தின்னர் நிரப்பாது.

குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தேன் போல ஒழுகினால் பயன்படுத்தலாம். கட்டி கட்டியாக விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதற்காக சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். கீழே போவதும் பிவிசி பைப்தான்!

மூடும்போது வாய் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு இறுக்கினால் பல மாதம் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரண் ஆகாது. அடுப்பு, சாமி விளக்குப் பக்கமும் வேண்டாம், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஒரு எல்போ ஒட்டுவதற்குக் கால் லிட்டர் எதற்கு? சின்ன டியூப் வாங்குங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். சில கடைகளில் அதன் மேலேயே விலைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். இதை எழுத உட்காருமுன் என் அலமாரியிலும் தேடினேன். மூன்று டப்பா அகப்பட்டது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும். குறிப்பைப் படித்து ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள், அந்த ஜாயின்டை அறுத்துப் புது கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) போடும் வரை, ஆள் பக்கத்தில் இல்லாமல் மோட்டார் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்,
மன்னார்குடி