சர்வரை மேம்படுத்தத் தரவை நகர்த்த வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல சர்வர்களில் தரவைப் பிரித்து வைக்கும் பரவல் சேமிப்பகத்தில் உள்ள ஒரு சர்வரை மேம்படுத்துவதற்கு முன்பு, அதிலிருக்கும் தரவு முழுவதையும் பிற சர்வர்களுக்கு மாற்றிவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். அத்தகைய சேமிப்பகத்தை இயக்கும் செஃப் (Ceph) மென்பொருளை அன்றாடம் கையாள்பவன் என்ற முறையில், பெரும்பாலும் இதற்குத் தேவையே இராது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

செஃப் கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டத்தில், வழக்கமாக ஒவ்வொரு தரவுக்கும் வெவ்வேறு சர்வர்களில் 3 பிரதிகள் இருப்பதால், ஒன்றை நிறுத்தினாலும் மற்ற இரண்டைக் கொண்டு வேலை நடக்கும். ஆனால் நிறுத்திய சர்வர் 600 நொடிகளுக்குள் திரும்பாவிட்டால், அது இனி வராது என்று கிளஸ்டர் முடிவுகட்டி, அதன் பங்கை மற்றவற்றில் நகலெடுக்கத் தொடங்கிவிடும். முன்கூட்டியே, நின்ற சர்வரை விலக்கிவிடாதே எனும் ‘நோஅவுட்’ கட்டளையைக் கொடுத்துவிட்டால் இந்த வீண் அலைச்சல் இல்லை. சர்வர் சற்று நேரத்தில் எழுந்ததும், இடையில் மாறியவை மட்டுமே அதற்கு வந்து சேரும். இதை ஒருமுறை மறந்தவன் நான். ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றப் போன சர்வர் மூன்று மணி நேரம் எழவில்லை. நகலெடுப்பதும், பிறகு அது திரும்பி வருவதுமாக, விடியும்வரை நெட்வொர்க் திணறியது.

பழைய சர்வருக்குப் பதில் புதியது வாங்கினாலும் இதே கதைதான். டிஸ்க்குகளைக் கழற்றிப் புதியதில் செருகி, பழைய ஹோஸ்ட் பெயரையே (நெட்வொர்க்கில் சர்வரின் பெயர்) வைத்தால், எந்த டிஸ்க் எதற்குரியது என்ற விவரம் டிஸ்க்கிலேயே இருப்பதால் தரவு அசையாது. பெயரை மாற்றினாலோ, எது எங்கே இருக்க வேண்டும் என்று கணிக்கும் கிரஷ் முறை அதைப் புதிய இடமாகக் கருதிப் பங்கீட்டையே மாற்றிவிடும். (பெயர் வைப்பதில் புதுமை விரும்பும் மேலாளர்கள் கவனிக்க.)

ஆனால் 10 சர்வர்களோடு அதே கொள்ளளவில் பதினோராவதைச் சேர்க்கும்போது தரவில் பதினொன்றில் ஒரு பங்கு நகர்ந்தே ஆக வேண்டும். அது நியாயமான செலவு.

மேம்படுத்தும்போது ஒரு சர்வரின் வேலை முடிந்து எல்லாப் பிரதிகளும் சீரான பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கடைசியில் ‘நோஅவுட்’டை நீக்கவும் மறக்கக் கூடாது; நீக்காவிட்டால், பின்னாளில் உண்மையாகவே ஒரு டிஸ்க் செத்தாலும் கிளஸ்டர் அது திரும்பும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
சேமிப்பக நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.