முகாமில் சான்றிதழ் தரும் மனநல மருத்துவர்களுக்கு

மதுரை மாவட்டத்து மனநல மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மேலூர்ப் பக்கம் அம்மாவோடு இருக்கிறான். நோய் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, மந்தம் போகவில்லை. ஊனச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப் போனபோது சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"குளிக்கிறியா?"

"குளிக்கிறேன் சார்."

"வேலை?"

"மில்லுல பாக்குறேன் சார்."

அம்மா பேச வாயெடுத்தார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மில்லை விட்டு அவன் நின்று எத்தனையோ காலமாகிறது. குளிக்கிறான், சரி. அம்மா வாளியில் தண்ணீர் நிரப்பி, சோப்பைக் கையில் கொடுத்து, "ஊத்துடா, இன்னும் ஊத்து" என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும். கடைக்கும் போவான். கூட்டமாக இருந்தால் ஒதுங்கி நிற்பான். கடைக்காரர் பார்த்துக் கேட்காவிட்டால் வெறும் பையோடு திரும்பிவிடுவான்.

மனநோயால் வரும் ஊனத்தை அளக்க நீங்கள் போடும் ஐடியாஸ் (IDEAS) அளவுகோலில் தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்; சிரமம் கூடினால் மார்க் கூடும். நோய்க்காலத்துக்குத் தனியாக 4 வரை. ஆக மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கும் 40 சதவீத ஊனம். தம்பிக்குப் போட்டது 6. பத்து வருடம் தாண்டிய நோய்க்கே 4 போய்விடும். அப்படியானால் குளியல், பழக்கம், பேச்சு, வேலை நான்குக்கும் சேர்த்து அவனுக்கு விழுந்தது வெறும் 2. வேலையே இல்லாதவனுக்கு இது எப்படி வரும்?

கூடவே இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்பது ஐடியாஸ் முறையிலேயே உண்டு. அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வூடாஸ் (WHODAS) வினாத்தாள் கடந்த 30 நாளைப் பற்றிக் கேட்கிறது; வீட்டார் பதில் சொல்லத் தனிப் படிவமே வைத்திருக்கிறது. செய்கிறானா என்று மட்டும் கேட்டால் போதாது. யாரும் சொல்லாமல் செய்கிறானா, சொன்னால் எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.

மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை. இப்போது ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுகிறான், யாரும் சொல்லாமலே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகாமில் கூட்டம் எவ்வளவு என்று நாங்களும் பார்க்கிறோம். வரிசையில் நிற்கும்போதே ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு இவற்றைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்துவிடலாம். உங்கள் மேசைக்கு ஆள் வரும்முன் அந்தத் தாள் வந்திருக்கும். அடுத்த முகாமிலேயே இதைத் தொடங்குங்கள்.